சின்ன வியாபாரிக்கு வீடியோ: அடிக்கடி வரும் கேள்விகளும் என் பதில்களும்

நான் மட்டக்களப்பு மாவட்டத்துப் பெரியகல்லாற்றில் இருந்து மருதமுனைக் கைத்தறிச் சாரமும் சீலையும், இடைக்கிடை பன்பாயும் (பன் என்ற புல்லில் பின்னும் பாய்) ஒன்லைனில் விற்கிறேன். கடை என்று ஒன்று இல்லை. வீட்டு விறாந்தை, ஒரு ஃபோன், ஒரு பழைய மேசை, அவ்வளவுதான். விளம்பரங்களில் வீடியோ சேர்க்கத் தொடங்கிய பிறகு ஓடரோடு சேர்த்து மற்ற விற்பனையாளர்களின் கேள்விகளும் வரத் தொடங்கின. ஒரே பதிலை வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பி அனுப்பித் தொண்டை காய்ந்துபோய் இதை எழுதி வைக்கிறேன். இனிக் கேட்பவர்களுக்கு இதைத்தான் அனுப்புவேன், கோபிக்க வேண்டாம்.

நாலு நல்ல போட்டோ போட்டால் போதாதா? வீடியோ எதற்கு?

நிறையச் சாமானுக்குப் போதும். பிளாஸ்டிக் வாளி, பள்ளிக்கூடப் புத்தகம், பெட்டி உடைக்காத சார்ஜர், இவற்றுக்கெல்லாம் வீடியோ எடுத்து மினக்கெட வேண்டாம்.

ஆனால் கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் சாமான் வேறு. கல்முனைக் கடைத்தெருவில் சாரம் வாங்கும் ஒருவரைக் கவனித்துப் பாருங்கள். முதலில் துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பார், பிறகு வாசல் பக்கம் திரும்பி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார், கரையைக் கொஞ்சம் இழுத்து விடுவார், இதெல்லாம் முடிந்த பிறகுதான் "என்ன விலை?" என்று வாய் திறப்பார். ஒன்லைனில் வாங்குபவருக்கு அந்தக் கை இல்லை. அந்த வேலைகளை அவருக்காக உங்கள் கை செய்து காட்டுவதுதான் வீடியோ. இது விளங்கினால் கீழே இருப்பதில் பாதியை நீங்கள் வாசிக்கவே தேவையில்லை.

வீடியோ போட்டால் விற்பனை கூடுமா?

இத்தனை மடங்கு கூடும், அத்தனை வீதம் கூடும் என்று சுற்றும் எண்களை நான் கணக்கில் எடுப்பதில்லை. கொழும்பில் ஃபிரிஜ் விற்பவரின் கணக்கு பன்பாய்க்கு ஒத்துவராது. என்னிடம் மாறியது கேள்விகள். முன்பெல்லாம் "துணி மொத்தமா மெல்லிசா", "சாயம் போகுமா", "படத்தில் உள்ளதுதான் வருமா" என்று ஒவ்வொருவரோடும் அரை மணித்தியாலம் கதைத்து, கடைசியில் "யோசித்துச் சொல்கிறேன்" என்று போய்விடுவார்கள். இப்போது வருபவர்கள் நேரே "இருக்கா? யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவீங்களா?" என்கிறார்கள். திரும்பி வரும் பார்சலும் குறைந்தது, எனக்கு அதுதான் பெரிய ஆறுதல்.

நல்ல கமரா வாங்க வேண்டுமா?

வேண்டாம். கையில் இருக்கும் ஃபோனின் பின் கமரா போதும். முன் கமராவில், அதாவது செல்ஃபி கமராவில் எடுக்காதீர்கள், பெரும்பாலான ஃபோன்களில் அது தரம் குறைவு. லென்ஸைத் துடையுங்கள். சிரிக்க வேண்டாம், எனக்கு வரும் "மங்கலாக இருக்கிறது அண்ணே, என்ன செய்ய?" கேள்விகளில் முக்கால்வாசிக்கு அதுதான் மருந்து. சாரத்துப்பைக்குள்ளும் ஹேண்ட்பேக்குக்குள்ளும் கிடந்து எண்ணெய்க் கை பட்ட கண்ணாடி அது.

காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு ட்ரைபொட்டுக்குச் செலவழியுங்கள். இரண்டு கையும் சாமானில் இருந்தால்தான் ஒழுங்காகக் காட்டலாம். அதுவும் இல்லாவிட்டால் இரண்டு கதிரைக்கு நடுவில் பலகையைப் போட்டு, ஃபோனின் கமரா பக்கம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி வைத்து, மேலே ஒரு கல்லைப் பாரமாக வைத்தால் மேலிருந்து கீழே எடுக்கலாம். நான் ஒரு வருடம் அப்படித்தான் எடுத்தேன். கல் ஃபோனில் விழவில்லை, ஒருமுறை காலில் விழுந்தது.

வெளிச்சத்துக்கு என்ன செய்வது?

நமக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. காலை வெயில் தடையில்லாமல் வரும். ஆனால் நேர் வெயிலில் வைக்காதீர்கள், வெள்ளைத் துணி வெளிறிப்போகும், கறுப்புத் துணி குழிபோல் தெரியும். விறாந்தை நிழலில், வெளிச்சம் ஒரு பக்கத்தில் இருந்து விழும்படி வையுங்கள். மறுபக்கம் இருண்டு கிடந்தால் மீன் பெட்டியின் ரெஜிபோம் (தெர்மோகோல்) மூடி ஒன்றைக் கழுவிக் காயவைத்து எதிர்ப்பக்கம் நிறுத்துங்கள், வெளிச்சம் திரும்பி அடிக்கும். கடைகளில் விற்கும் ரிஃப்ளெக்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது, வாசம்தான் வித்தியாசம்.

நெசவும் பின்னலும் தெரிய வேண்டுமென்றால் பக்க வெளிச்சம்தான். நேர் முன்னால் இருந்து அடிக்கும் வெளிச்சத்தில் பன்பாய் சீமெந்துத் தரை மாதிரித் தெரியும். பக்கத்தில் இருந்து விழுந்தால் ஒவ்வொரு பன்னும் எழும்பி நிற்கும்.

மாரி தொடங்கிக் கார்த்திகை, மார்கழியில் நாள் முழுக்க இருட்டுக் கட்டிக்கொண்டு நிற்கும்போது என்ன செய்வது என்றால், எடுக்காமல் இருப்பதுதான். ஐப்பசிக்கு முன்னரே சேர்த்து எடுத்து வையுங்கள்.

எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

20 வினாடி. 30 தாண்டினால் எனக்கே அலுக்கிறது. "வணக்கம் உறவுகளே, இன்று நாங்கள் என்ன பார்க்கப் போகிறோம் என்றால்" என்று தொடங்கும் வீடியோவைச் சாமான் வருவதற்கு முன்னமே தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். முதல் வினாடியிலேயே சாமான் முழுதாகத் தெரிய வேண்டும்.

சாரத்துக்கு நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது: மேசையில் விரித்த முழுச் சாரம் 3 வினாடி, கரை கிட்டத்தில் 3 வினாடி, துணிக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து விரல் எவ்வளவு தெரிகிறது என்று காட்டுவது 4 வினாடி, பின்பக்கம் திருப்புவது, மூட்டிய தையல், பிறகு வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துச் சாரத்தில் நன்றாகத் தேய்த்து அந்தத் துணியைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவருவது. இந்தக் கடைசித் துண்டைத்தான் ஆட்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். சாயம் போகும் துணி என்றால் அதையும் மறைக்காமல் காட்டி, "முதல் இரண்டு அலசல் தனியாகப் போடுங்கள்" என்று எழுதிவிடுவேன். கடும் சிவப்பும் கடும் நீலமும் கொஞ்சம் விடத்தான் செய்யும், வாங்குபவருக்கும் அது தெரியும்.

கட்டம் போட்ட சாரத்தை எடுத்தால் துணி அலையலையாக ஆடுகிறது. ஃபோன் பழுதா?

ஃபோனில் பழுது இல்லை. சின்னக் கட்டத்தின் கோடுகளும் கமரா சென்சரில் வரிசையாக இருக்கும் புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே நெருக்கத்தில் வந்துவிட்டால் ஒன்றோடொன்று மோதி, துணியில் இல்லாத வளைவுக் கோடுகள் திரையில் முளைக்கும். இதை மொய்ரே என்பார்கள். டீவியில் நெருக்கமான கோட்டுச் சட்டை போட்டு வருபவரின் நெஞ்சு மினுங்குமே, அதுதான். நான் முதன்முதல் எடுத்த வீடியோவை நெசவுகாரக் காக்காவிடம் (மருதமுனையில் அண்ணனைக் காக்கா என்பார்கள்) காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி, இறக்கி, பிறகு ஃபோனைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, நான் நெய்து தந்தது சாரம். நீங்க கடலை எடுத்து வைத்திருக்கீங்க" என்றார்.

தூரத்தை மாற்றுங்கள், வேறு வழி இல்லை. ஒன்றில், நூல் நூலாகத் தெரியுமளவுக்குக் கிட்டப் போங்கள், அல்லது நன்றாகப் பின்னால் வாருங்கள். இடையில் நின்றால்தான் இந்தத் தொல்லை. துணியைக் கமராவுக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் சரித்து வைத்தாலும் குறையும். எடுத்த உடனே ஃபோனில் நன்றாக இருந்தது, ஏற்றிய பிறகு அலை வந்துவிட்டது என்றால் அது தளம் வீடியோவைச் சுருக்கும்போது வந்தது. அதனால் ஏற்றிய பின் இன்னொருவரின் ஃபோனில் திறந்து பார்க்காமல் விடாதீர்கள்.

இரவில் டியூப் லைட்டில் எடுத்தால் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றனவே?

நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்ஈடி பல்பும் வினாடிக்கு 100 தடவை கூடிக் குறைந்து எரிகின்றன, கண்ணுக்குத் தெரியாது. ஃபோன் வினாடிக்கு 30 படம் எடுக்கிறது. இரண்டும் சரியாகப் பொருந்தாததால் பட்டை ஓடுகிறது. கமரா செட்டிங்ஸில் ஃப்ளிக்கர் என்றோ பேண்டிங் என்றோ ஒன்று இருந்தால் 50 ஹேர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ஐஃபோனில் பால் ஃபோர்மட்டைக் காட்டு (Show PAL Formats) என்று ஒரு தெரிவு உண்டு, அதைப் போட்டால் வினாடிக்கு 25 படம் எடுக்கும் வழி வரும். 100ஐ 25ஆல் மீதியில்லாமல் வகுக்கலாம், பட்டை அடங்கிவிடும். ஷட்டர் வேகத்தைக் கையால் மாற்ற விடும் ஃபோன் என்றால் வினாடியில் ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வையுங்கள். இந்தத் தலையிடி எதுவும் வேண்டாம் என்றால் பகலில் எடுங்கள்.

நிறம் ஏன் மாறிப் போகிறது?

இதில் நான் காசு கட்டிப் படித்தேன். மாதுளைத் தோல் நிறத்தில் ஒரு சீலை, இரவு எட்டு மணிக்கு மஞ்சள் பல்புக்குக் கீழே எடுத்துப் போட்டேன், வீடியோவில் அது தக்காளிப் பழ நிறம். கொழும்பில் ஒரு அக்கா கல்யாண வீடொன்றுக்கு உடுக்க என்று வாங்கி, பார்சலைப் பிரித்துவிட்டு எடுத்த கோலில் அவர் ஏசவில்லை, ஏசியிருந்தால் பரவாயில்லை. "இது நான் கேட்ட சீலை இல்லையே தம்பி" என்று மெதுவாகச் சொன்னார். போன கூலி, வந்த கூலி இரண்டும் என் தலையில். கல்யாணத்துக்கு அவர் வேறு எதையோ உடுத்திக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து சீலைக்குப் பகல் வெளிச்சம் மட்டும்தான். பகல் வெளிச்சத்தையும் பல்பு வெளிச்சத்தையும் கலக்கவும் மாட்டேன், ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும். எடுக்கத் தொடங்குமுன் திரையில் சாமானின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் நீங்கள் கையை அசைக்கும் ஒவ்வொரு முறையும் ஃபோன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கும். அப்புறம், துணியின் ஓரத்தில் சாதாரண வெள்ளைத் தாள் ஒன்றை வையுங்கள். பார்ப்பவருக்குத் தாள் வெள்ளையாகத் தெரிந்தால் சீலையின் நிறமும் ஏறக்குறையச் சரி. ஃபில்டர் போடவே கூடாது, அதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், ஆனால் தேவைதான் போலிருக்கிறது.

கதைக்க வேண்டுமா? எந்த மொழியில்?

பெரும்பாலானோர் சத்தத்தை நிறுத்திவைத்துத்தான் பார்க்கிறார்கள், பஸ்ஸிலும் வேலைத்தலத்திலும் வேறெப்படி. அதனால் முக்கியமான இரண்டு மூன்று விஷயத்தைத் திரையில் பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள்: நீளம், நூல், கழுவும் விதம். தமிழிலும் சிங்களத்திலும். எனக்கு வரும் ஓடரில் கணிசமானவை சிங்கள ஆட்களிடம் இருந்துதான். அம்பாறை டவுன், குருநாகல், கண்டி என்று. மொழிபெயர்ப்புச் செயலியை நம்பி அப்படியே போடாமல் சிங்களம் தெரிந்த ஒரு ஆளிடம் ஒருதரம் காட்டுங்கள், எனக்கு "கரை" கடற்கரையாக வந்தது.

கதைத்தால் நீங்கள் வீட்டில் கதைக்கிற மாதிரிக் கதையுங்கள், டீவி செய்தி வாசிக்கிற குரல் வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் முற்றத்தில் கதைத்தால் ஃபோனில் காற்று மட்டும்தான் கதைக்கும், உள்ளே வந்து பிறகு குரலைத் தனியாகப் பதிந்து சேருங்கள்.

முகம் காட்ட விருப்பமில்லை. அப்படியும் செய்யலாமா?

தாராளமாக. இதை அதிகம் கேட்பது வீட்டில் இருந்து தைக்கிற, பின்னுகிற, பலகாரம் செய்கிற பெண்கள். என் வீடியோ எதிலும் என் முகம் இல்லை. கை மட்டும் போதும், வாங்குபவர் பார்க்க வந்தது சாமானைத்தான். நகத்தை வெட்டிக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள், கிட்டத்தில் எடுக்கும்போது நகத்து அழுக்கு சாமானை விட முதலில் தெரியும்.

முகத்தை விடப் பின்னணிதான் கவனம். கண்ணாடி அலுமாரி, டீவித் திரை, எவர்சில்வர் பானை எல்லாம் உங்களையும் வீட்டையும் காட்டிக் கொடுக்கும். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை கொடியில் தொங்குகிறதா, மோட்டர்சைக்கிள் இலக்கம் தெரிகிறதா, சுவரில் விலாசம் எழுதிய கலண்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது.

சினிமாப் பாட்டுப் போடலாமா?

போடாதீர்கள். பாட்டுக்கு உரிமைக்காரர் இருக்கிறார். வியாபார வீடியோவில் போட்டால் பேஸ்புக் சத்தத்தை வெட்டிவிடலாம், வீடியோவையே தூக்கியும் விடலாம். பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் சவுண்ட் கலெக்ஷன் என்று இலவச இசைத் தொகுப்பு வைத்திருக்கிறது. டிக்டொக்கிலும் வியாபாரக் கணக்குகளுக்குத் தனி இசைத் தொகுப்பு உண்டு, அதற்குள் எடுங்கள். என் விருப்பம் இசையே இல்லாமல் விடுவது. புதுத் துணியை உதறும்போது வரும் சத்தத்துக்கு எந்தப் பாட்டும் ஈடு இல்லை.

நிறுத்தி எடுப்பதா, கிடையாக எடுப்பதா?

நிறுத்தி. ஃபோனில்தான் பார்க்கிறார்கள். சாமான் நடுவில் இருக்கட்டும், சில தளங்கள் மேலும் கீழும் வெட்டிச் சதுரமாக்கும்.

எந்தத் தளத்தில் எப்படி ஏற்றுவது? "ஃபைல் ஏற்கவில்லை" என்று வருகிறதே?

பேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸிலும் தராஸிலும் விளம்பரத்தோடு வீடியோ சேர்க்கலாம். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் எட்சியில் (கைவினைப் பொருள் விற்கும் வெளிநாட்டுத் தளம்) நடத்தும் கடைக்கு எடுத்துக் கொடுப்பவர்கள் கவனியுங்கள், அங்கே 15 வினாடிக்கு மேல் விடாது, சத்தமும் வராது, அதனால் எல்லாவற்றையும் கையால்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தளமும் அளவுகளை அடிக்கடி மாற்றும், ஏற்றும் பக்கத்திலேயே எழுதியிருக்கும், வாசியுங்கள்.

ஃபைல் ஏற்காததற்கு என்னிடம் வந்த காரணங்களில் முதலாவது ஐஃபோன். அது வழக்கமாக எச்ஈவிசி என்ற புது முறையில் சேமிக்கிறது. இடம் குறைவாகப் பிடிக்கும், ஆனால் சில இடங்கள் ஏற்காது. கமரா செட்டிங்ஸில் ஃபோர்மட்ஸ் என்ற இடத்தில் மோஸ்ட் கொம்பற்றிபள் என்பதைத் தெரிவு செய்தால் பழைய எச்.264 முறையில் எடுக்கும். அடுத்த காரணம் அளவு. 4கே வேண்டாம், 1080 போதும். ஐஃபோனில் எச்ஈவிசி முறையில், வினாடிக்கு 30 படம் எடுத்தால், 1080இல் ஒரு நிமிடம் ஏறக்குறைய 60 எம்பி, அதே நிமிடம் 4கேயில் 170 எம்பி. கூடுதல் 110 எம்பிக்கு டேட்டா கட்டுவது நீங்கள்தான், வாங்குபவரின் கைக்குள் இருக்கும் திரையில் வித்தியாசமும் தெரியாது.

இன்னொன்று, வட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்பி, மகன் மருமகளுக்கு அனுப்பி, மருமகள் ஏற்றுவது. வீடியோவாக அனுப்பும்போது வட்ஸ்அப் அதைச் சுருக்கும், கடைசியில் சாரம் கரித்துணி மாதிரி வரும். அனுப்பத்தான் வேண்டும் என்றால் வீடியோவாக அனுப்பாமல் டொக்கியுமென்ட்டாக அனுப்புங்கள், சுருங்காது. பெக்கேஜில் இரவு டேட்டா இருப்பவர்கள் இரவில் ஏற்றலாம்.

தயிர், கருவாடு மாதிரிச் சாமானுக்கு என்ன காட்டுவது? மணமும் ருசியும் வீடியோவில் வராதே?

மணம் வராதுதான், ஆனால் கை வைத்தால் தெரியும் விஷயம் நிறைய இருக்கிறது. எருமைத் தயிருக்குச் சட்டியைச் சரித்துக் காட்டுங்கள், நல்ல தயிர் அசையாது. கரண்டியை இறக்கி ஒரு துண்டு வெட்டி எடுத்து, வெட்டின இடத்தின் ஓரம் கூராக நிற்பதைக் காட்டுங்கள், குழிக்குள் தண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்பதையும் ஐந்து வினாடி விட்டுக் காட்டுங்கள். மட்டக்களப்புத் தயிர் தெரிந்தவருக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை. நெத்தலிக் கருவாடு என்றால் ஒன்றை எடுத்துக் கமராவுக்குக் கிட்ட ஒடியுங்கள், காய்ந்ததா என்பதைச் சத்தமே சொல்லும். பிறகு ஒரு பிடியை வெள்ளைத் தட்டில் போட்டுக் குலுக்கி, கருவாட்டை எடுத்துவிட்டுத் தட்டைக் காட்டுங்கள். மண் இருக்கிறதா இல்லையா என்பதுதான் எல்லோருடைய பயமும்.

தேன், மூலிகை எண்ணெய் விற்பவர்கள் "சீனி வருத்தம் குறையும், மூட்டுவலி மாறும்" என்று வீடியோவில் கதைக்காதீர்கள். அந்த வார்த்தைகளுக்காகத் தளம் விளம்பரத்தை நீக்கிவிடலாம், ஒருவர் அதை நம்பி மருந்தை நிறுத்தினால் அந்தப் பாவம் வேறு. ஆடு, கோழி விற்பவர்களுக்கும் ஒன்று: பேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸில் உயிருள்ள பிராணி விற்கக்கூடாது என்பது அவர்களின் விதி. வீடியோ எவ்வளவு வடிவாக இருந்தாலும் விளம்பரம் நிலைக்காது.

பாவித்த சாமான், மோட்டர்சைக்கிள், ஃபிரிஜ் மாதிரி?

பழுதை முதலில் காட்டுங்கள். கீறல், துரு, உடைந்த கைப்பிடி, எல்லாவற்றிலும் விரலை வைத்துக் காட்டுங்கள். பிறகு வேலை செய்வதை வெட்டாமல் ஒரே தொடர்ச்சியாக எடுங்கள். மோட்டர்சைக்கிள் என்றால் காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது, முதல் உதையில் இருந்து. சூடான என்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டும் வீடியோவை விஷயம் தெரிந்தவன் நம்பமாட்டான். மீட்டரைக் காட்டுங்கள், இலக்கத் தகட்டை மறையுங்கள். ஃபிரிஜ்ஜுக்குப் பின்பக்கமும் கொம்பிரசர் சத்தமும்.

பழுதை மறைத்து விற்பது வெட்கம் கெட்ட வேலை என்பது ஒரு பக்கம். கடைக்காரராக இருந்து கொண்டு வாங்குபவரை ஏமாற்றும்படி காட்டுவதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடுக்கிறது, முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. நீங்கள் எடுத்த வீடியோவே சாட்சியாகவும் நிற்கும், நல்லதுக்கும் கெட்டதுக்கும்.

விலையை வீடியோவில் போடலாமா?

வீடியோவுக்குள் வேண்டாம், நூல் விலை ஏறினால் வீடியோவை மீண்டும் எடுக்க முடியாது. விளம்பர எழுத்தில் கட்டாயம் போடுங்கள். "விலைக்கு இன்பொக்ஸ் வரவும்" என்று எழுதுபவர்களை எனக்குப் பிடிக்காது, கடைக்கு வந்தவரைப் பின் கதவால் வா என்று கூப்பிடுகிற மாதிரி அது.

என் வீடியோவை எடுத்து இன்னொருவர் விற்கிறார். என்ன செய்ய?

எனக்கும் நடந்தது. என் கை, என் மேசை, யாரோ ஒருவரின் விலை. தளத்தில் முறைப்பாடு செய்யும் பொத்தான் இருக்கிறது, செய்யுங்கள். ஆனால் முன்கூட்டியே தடுப்பது லேசு. திரை முழுக்கக் கடைப் பெயரைக் கொட்டை எழுத்தில் அடித்தால் சாமான் மறையும், சில சந்தைத் தளங்கள் ஏற்கவும் மாட்டா. அதற்குப் பதிலாகக் கடைப் பெயரை ஒரு சின்ன அட்டையில் எழுதித் துணியின் மேலேயே வைத்து, கை அதன் மேலால் போகும்படி எடுங்கள், வெட்டி எடுப்பது கஷ்டம்.

சிஓடியில் (சாமான் கைக்கு வந்ததும் காசு கொடுக்கும் முறை) அனுப்பினால் "உள்ளே வேறு சாமான் இருந்தது" என்கிறார்களே?

பார்சல் கட்டுவதையும் வீடியோ எடுங்கள். இது விளம்பரத்துக்கு இல்லை, உங்கள் கைக்காவலுக்கு. சாமான், ஓடர் இலக்கம் எழுதிய தாள், மடிப்பது, டேப் ஒட்டுவது, விலாசத் துண்டு, எல்லாம் வெட்டாமல் ஒரே ஓட்டம். சண்டை வந்தால் அனுப்பிக் காட்டலாம். சண்டை வராவிட்டால் ஒரு மாதத்துக்குப் பிறகு அழித்துவிடுங்கள், அதில் வாங்கியவரின் விலாசமும் ஃபோன் இலக்கமும் இருக்கிறது. அந்த வீடியோவை "இன்றைய ஓடர்கள்" என்று ஸ்டேட்டஸில் போடும் பழக்கத்தை விடுங்கள், கொழும்பு அக்காவின் வீட்டு விலாசத்தை ஊருக்கே காட்டுகிறீர்கள்.

தறியைக் காட்டலாமா? நெய்கிறவரைக் காட்டலாமா?

காட்டலாம், கேட்டுவிட்டு. நெய்கிறவர் உங்கள் விளம்பரப் பொருள் இல்லை, சிலருக்கு விருப்பம் இருக்கும், சிலருக்கு இருக்காது, விருப்பம் இல்லாதவரிடம் இரண்டாம் தரம் கேட்காதீர்கள். தறி வீடியோ பார்க்க மிக நன்றாக இருக்கும், நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவதையும் மிதிக்கிற கால்களையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் சாரத்தின் விளம்பரத்தில் அது இரண்டாவது வீடியோவாகவோ, பேஸ்புக் பக்கத்தில் தனியாகவோ இருக்கட்டும். முதல் வீடியோவில் சாரம்தான்.

காக்காவின் தறியை ஒருநாள் ஒன்றரை நிமிடம் எடுத்துப் போட்டேன், நான் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான், அங்கும் இங்கும் பகிர்ந்தார்கள். அன்று ஒரு சாரமும் போகவில்லை. இன்பொக்ஸில் ஏழு பேர் தறி என்ன விலை என்று கேட்டிருந்தார்கள்.